ஆறாவது துளை

பகலில் ஆஸ்ட்ராவாவில் எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறேன்.
இரவில் குடியிருப்பின் நிலவறைக்கு இறங்குகிறேன்.
இடப்பக்கக் கூண்டில் யாருடையவோ பனிச்சறுக்குக் கட்டைகள்,
வலப்பக்கத்தில் முளைவிட்ட உருளைக்கிழங்கு,
நடுவே கம்பிவலைக்குள் என் லேத்தும்
உள்ளங்கையில் அடங்கும் ஓர் என்ஜினும்.
இன்னும் என்ஜின் ஆகவில்லை. பெயர் மட்டும் அது.

செவ்வாயன்று பிஸ்டன் கச்சிதமாய் அமைந்தது.
சிலிண்டரின் ஒரு வாயை விரலால் மூடினால்
உள்ளே இறங்க மறுத்து மிதந்தது.
விரலை எடுத்ததும் 'ப்ளக்' என்றொரு சத்தம்.
அந்தச் சத்தத்துக்காகவே
மூடித் திறந்து, மூடித் திறந்து
சாப்பாட்டை மறந்தேன்.

புதன். சிலிண்டர் ஹெட்டில் ஆறு துளை, ஆறுக்கும் மரை போட வேண்டும்.
ஐந்து முடிந்தபோது மணி பதினொன்றரை.
'இன்னும் ஒன்றுதானே'
என்ற சொல்லைப் பட்டறைச் சுவரில் எழுதி
அதன் மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்துவைக்க வேண்டும்.
டேப் முறிந்தது.
காதுக்கு முன்பே கைக்குத் தெரிந்தது,
வெள்ளரிப் பிஞ்சின் முனையைக் கிள்ளினாற்போல்
அவ்வளவு மெத்தனமாக.
அலுமினியத்துக்குள் எஃகு.
இடுக்கி பிடிக்க மயிரிழைகூட வெளியே இல்லை.
ஓங்கி ஓர் அடி வைத்தேன். மேசை மேல்தான்.

அந்த அடிக்குத்தான் இறங்கி வந்தார்
மூன்றாம் மாடித் திருமதி குபேனோவா.
அலமாரியில் கோப்பைகள் அதிர்கின்றனவாம்.
திட்டிக்கொண்டே ஒரு பாத்திர மூடியை நீட்டினார்,
குமிழ் உடைந்தது.
சண்டைக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது போலும்.
பித்தளையில் ஒரு குமிழ் கடைந்து கொடுத்தேன், இருபது நிமிடத்தில்.
"சூடேறும், துணி வைத்துப் பிடியுங்கள்."
அந்த வாரம் நான் முடித்த ஒரே பொருள் அது.

ஹெட்டை விளக்கருகே திருப்பிப் பார்த்து
"இதற்கு என்ன?" என்றார்.
படிகார நீரில் வேகவைத்தால் எஃகு கரையும்,
அலுமினியம் தப்பிக்கும் என்றேன்.
கடை திறக்கட்டும், வாங்கலாம்.
ஒன்றும் சொல்லாமல் மேலே போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு கட்டி,
சோப்பு அளவு, பனிக்கட்டி நிறம்.
சவரம் செய்து வெட்டுப்பட்டால்
அவர் கணவர் தேய்த்துக்கொண்டது.
ஏழு வருடமாக ஈரம் காணாதது.
ஒரு பக்கம் குழிந்திருந்தது.
அந்தக் குழிவைக் கண்ணாலேயே அளந்துவிட்டேன், பழக்கதோஷம்:
ஆரம் நாற்பது மில்லிமீட்டர் இருக்கும்,
ஒரு தாடையின் ஆரம்.
"வேண்டாம்," என்றேன்.
"வெட்டிக்கொள்ள இப்போது யார் இருக்கிறார்," என்றார்.

நிலவறையில் அடுப்பு கிடையாது.
அவர் சமையலறையில்தான் கொதித்தது, இரண்டு நாள்,
புதுக் குமிழ் போட்ட மூடிக்குள்.
மூடியைத் தூக்கும்போதெல்லாம் பார்த்தேன்:
ஆறாவது துளையிலிருந்து மட்டும்
நூல் பிடித்தாற்போல் குமிழிகள்.
சனிக்கிழமை தட்டியதும் கறுப்புத் தூளாக உதிர்ந்தது.
மரை அப்படியே இருந்தது.
கட்டி இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஞாயிறு எல்லாவற்றையும் பூட்டினேன். பெட்ரோல். தீப்பொறி.
ஃப்ளைவீலைச் சுற்றிச் சுற்றிக் கட்டைவிரல் கன்றியது.
நாற்பதாவது தடவையோ என்னவோ,
ஒரே ஒரு இருமல்,
ஒரு பிடி நீலப் புகை.
பிறகு மௌனம்.
உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அவர் கேட்டார்,
"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான்."

இன்று காலை, நிறுத்தத்தில் கதவு திறந்தபோது
சட்டென்று உறைத்தது:
கேம் பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளிக் கோத்திருக்கிறேன்.
கதவை மூட மறந்து உட்கார்ந்திருந்தேன்,
பனிக்காற்று பயணிகள் மேலெல்லாம் வீச.
யாரோ இருமினார், சரியான நேரத்தில்.

இப்போது மூடியைக் கழற்ற வேண்டும், நான்கு திருகு.
பதினொன்றுக்கு மேல் எதையும் தொடுவதில்லை
என்று தீர்மானம்.
மணி பத்தே முக்கால்.